டிரெட் ஸ்கொட்டும் கோடகன்பிள்ளையும்

ஒரு நாட்டிலே பிறந்து, அந்நாட்டின் மண்ணைக் கொத்தி, அந்நாட்டின் செல்வத்தைத் தன் கைகளால் ஆக்கிக் கொடுத்த மனிதனை நோக்கி, "நீ யார்? உன் பாட்டன் எங்கே பிறந்தான்?" என்று கேட்கும் உரிமை எவருக்கு உண்டு? இவ்வினா சட்டப் புத்தகங்களிலே உறங்கிக் கிடக்கும் பழைய வினா என்று எண்ணுவோர் ஏமாந்து போவர். வாஷிங்டனிலும் புதுடில்லியிலும் இலண்டனிலும் இன்று ஆட்சியாளர்கள் எழுப்பும் முதல் வினா இதுவே. வந்தேறி, ஊடுருவியவன், சட்டவிரோதக் குடியேறி, கள்ளத்தோணி எனப் பெயர்கள் பலவாயினும், உழைப்பை வைத்துக்கொண்டு உழைப்பாளியை வெளியேற்று என்னும் நோக்கம் எல்லா இடத்தும் ஒன்றேயாகும்.

மகாவலி ஓடும் தும்பறைப் பள்ளத்தாக்கில், திகன என்னும் சிற்றூரைச் சூழ்ந்து வாழும் நாம் இதைப்பற்றிப் பேசுவதற்குக் காரணம் உண்டு. இப்பள்ளத்தாக்கின் மண் இவ்வினாவைப் பலமுறை கேட்டிருக்கிறது. கோப்பிக் காலத்தில் கேட்டது, 1948இல் கேட்டது, 2018 மார்ச் மாதத்தில் தீயின் நாவாலும் கேட்டது. ஆகவே கடல் கடந்த ஒரு நாட்டில் 1857இல் எழுதப்பட்ட தீர்ப்பு ஒன்றையும், நம் நாட்டுக்காக 1953இல் இலண்டனில் எழுதப்பட்ட தீர்ப்பு ஒன்றையும் அருகருகே வைத்துப் படிப்பது நமக்குப் பொழுதுபோக்கு அன்று, கடமை.

*

டிரெட் ஸ்கொட் என்பவர் வர்ஜீனியாவிலே அடிமையாகப் பிறந்த கறுப்பர். இராணுவ வைத்தியர் ஒருவர் அவரை விலைக்கு வாங்கி, அடிமைமுறை தடைசெய்யப்பட்டிருந்த இலினோய் மாநிலத்துக்கும், விஸ்கொன்சின் பிரதேசத்துக்கும் அழைத்துச் சென்றார். சுதந்திர மண்ணிலே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவன் சுதந்திரன் என்னும் நியாயத்தைப் பற்றிக்கொண்டு, 1846இல் சென் லூயிஸ் நகரில் ஸ்கொட் வழக்குத் தொடுத்தார். ஒரு நீதிமன்றத்தில் வென்றார். மேல் நீதிமன்றத்தில் தோற்றார். கடைசியாக அந்நாட்டின் உச்ச நீதிமன்றத்தின் வாசலை எட்டினார்.

1857 மார்ச் 6ஆந் திகதி பிரதம நீதியரசர் ரொஜர் டேனி தீர்ப்பளித்தார். ஒன்பது நீதியரசருள் எழுவர் ஒருபுறம், இருவர் மறுபுறம். டேனி சொன்னதன் சாரம் இதுதான்: ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழிவந்தவர்கள், அடிமைகளாயினும் விடுதலை பெற்றோராயினும், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பிரஜைகள் ஆகமாட்டார்கள்; அரசியலமைப்பை இயற்றியோர் அவர்களைத் தம்மோடு சேர்த்து எண்ணவில்லை; ஆகவே நீதிமன்றத்தின் கதவைத் தட்டும் உரிமையே ஸ்கொட்டுக்கு இல்லை.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. டேனி, ஸ்கொட் எங்கே பிறந்தார் என்று கேட்கவில்லை. அவருடைய மூதாதையர் எங்கிருந்து வந்தனர் என்று கேட்டார். பிறந்த மண் தள்ளப்பட்டது, வம்சம் கொள்ளப்பட்டது. மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய நீதியரசர் கேர்ட்டிஸ், நாடு உருவான காலத்திலேயே ஐந்து மாநிலங்களில் சுதந்திரக் கறுப்பர் வாக்களித்து வந்தனர் என்னும் வரலாற்று உண்மையை எடுத்துக் காட்டினார். நாட்டை ஆக்குதற்கு வாக்களித்தவர்கள் நாட்டின் பிரஜைகள் அல்லர் என்று சொல்வது எங்ஙனம் பொருந்தும்? பெரும்பான்மையோர் அதற்குச் செவிசாய்க்கவில்லை.

சட்டம் வம்சத்தைக் கையாளும் விதத்தையும் பாருங்கள். 1662இல் வர்ஜீனியாவில் இயற்றப்பட்ட சட்டம், பிள்ளையின் நிலை தாயின் நிலையைச் சாரும் என்றது. எசமானன் அடிமைப் பெண்ணுக்குப் பெற்ற பிள்ளையும் எசமானனுடைய சொத்தாகவே இருக்கவேண்டும் என்பதே அதன் இரகசியம். இலங்கையின் 1948ஆம் ஆண்டுச் சட்டமோ தாயை மறந்து, தந்தையையும் தந்தையின் தந்தையையும் தேடிப் போயிற்று. அங்கே தாய்வழி, இங்கே தந்தைவழி. சொத்துடையோருக்கு எந்த வழி ஆதாயமோ அந்த வழியே சட்டமாகிறது!

*

அடிமைமுறையையும் மலைநாட்டுத் தோட்டமுறையையும் ஒன்றெனச் சொல்வது சரியோ என்று சிலர் வினவலாம். ஒன்றென நாம் சொல்லவில்லை. நம் பாட்டன்மாரைச் சந்தையில் நிறுத்தி எவரும் ஏலம் கூறவில்லை. தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்து விற்கவில்லை. அந்தக் கொடுமையின் தனித்தன்மையைக் குறைத்துப் பேசுவது கறுப்பு மக்களுக்குச் செய்யும் அநீதியாகும். ஆனால் இரண்டுக்கும் நடுவே ஓடும் உறவை மறைப்பதும் அநீதியே.

பிரித்தானிய சாம்ராஜ்யத்தில் அடிமைமுறையை ஒழித்த 1833ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கையை வெளிப்படையாகவே விலக்கி வைத்தது. இங்கே அடிமைமுறை 1844இல்தான் சட்டப்படி நீங்கியது. அந்த இடைக்காலத்திலேதான் கண்டி மலைகளில் கோப்பித் தோட்டங்கள் பெருகின. ஜமைக்காவிலே கோப்பிச் செய்கை பயின்ற ஆர். பி. டைட்லர் என்னும் துரை 1837இல் இலங்கைக்கு வந்து, மேற்கிந்திய முறையை இங்கே நிலைநாட்டினார். நம் தும்பறைப் பள்ளத்தாக்கும் அம்முறையின் களங்களுள் ஒன்றாயிற்று. ஆக, அடிமைகளின் வியர்வையிலே கண்டறியப்பட்ட தோட்டக்கலைதான் கப்பலேறி நம் மலைகளுக்கு வந்தது. ஆள் மட்டும் மாறினான். ஆபிரிக்கனுடைய இடத்திலே திருச்சியிலும் மதுரையிலும் புதுக்கோட்டையிலும் பஞ்சத்தால் பெயர்ந்த தமிழன் நின்றான்.

சங்கிலியின் இடத்தைக் கடன் பிடித்துக்கொண்டது. கங்காணி முன்பணம் கொடுத்தான். கடல் கடக்கு முன்னரே கூலியாள் கடனாளியானான். ஒரு தோட்டத்தை விட்டு மறுதோட்டம் போகவேண்டுமாயின், கடன் தொகை எழுதிய 'துண்டு' வேண்டும்; புதிய துரை அக்கடனை ஏற்றாலன்றிப் போக இயலாது. இந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. விலைச்சீட்டு இல்லாத மனிதனுக்குக் கடன்சீட்டு ஒட்டப்பட்டது என்பதைத் தவிர வேறென்ன சொல்ல?

இவ்வாறு வந்தவர்கள் கோப்பியை வளர்த்தனர். 1869க்குப் பின் இலைநோய் கோப்பியை அழித்தபோது காடு வெட்டித் தேயிலையை நட்டனர். கண்டி மாவட்டத்து லூல்கந்துரையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. டெய்லருடைய பெயரைச் சொல்லும் புத்தகம், அக்குழிகளை வெட்டியவர்களில் ஒருவனுடைய பெயரையாவது சொல்கிறதா?

*

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே தோட்டத் தொழிலாளர் வாக்களித்தனர். இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அதைவிட முக்கியமாக, வேறு பல தொகுதிகளில் அவர்களுடைய வாக்கு இடதுசாரி வேட்பாளர்களின் பக்கம் விழுந்தது. சிங்களத் தொழிலாளியும் தமிழ்த் தொழிலாளியும் ஒரே பெட்டியில் ஒரே சின்னத்துக்கு வாக்களிக்கும் காட்சியைக் கண்டு ஆளும் வர்க்கம் அஞ்சியது. அந்த அச்சத்தின் பிள்ளையே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம்.

அச்சட்டத்தின்படி, இலங்கையிலே பிறந்தால் மட்டும் போதாது. தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இதற்குச் சான்றும் வேண்டும். லயக் காம்பராவிலே மருத்துவிச்சியின் கையில் பிறந்தவனுடைய தகப்பனுக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கே கிடைக்கும்? 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலே சுமார் 7 லட்சத்து 80 ஆயிரம் பேராகக் கணக்கிடப்பட்ட ஒரு மக்கட் கூட்டம், நாட்டின் சுதந்திர ஆண்டிலேயே நாட்டை இழந்தது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், வதிவையும் வருவாயையும் நிரூபித்தோர் விண்ணப்பிக்கலாம் என்று ஒரு சிறு கதவைத் திறந்து வைத்தது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். ஏற்றுக்கொள்ளப்பட்டோர் சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேரே. அதே 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, பிரஜையல்லாதோரின் பெயர் வாக்காளர் இடாப்பிலிருந்து வெட்டப்பட்டது.

கோடகன்பிள்ளை என்பவர் ருவன்வெல்லைத் தொகுதி இடாப்பிலே தம் பெயரைச் சேர்க்குமாறு கேட்டார். சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்தார்மீது பிற சமூகத்தார்மீது சுமத்தப்படாத தடையைச் சுமத்தும் சட்டம் செல்லாது என்று கூறியிருந்தது. அதன்படி இச்சட்டங்கள் செல்லா என்று விசாரணை செய்த உத்தியோகத்தர் துணிந்து முடிவு செய்தார். 1951இல் உயர் நீதிமன்றம் அம்முடிவைத் தள்ளியது. வழக்கு இலண்டனுக்குச் சென்றது. 1953இல் பிரிவி கவுன்சில் கோடகன்பிள்ளையின் மேன்முறையீட்டை நிராகரித்தது.

அத்தீர்ப்பின் நியாயத்தை நம் மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். தன் பிரஜைகள் யாவர் என்று நிர்ணயிப்பது ஒரு சட்டசபையின் இயல்பான அதிகாரம்; எழுத்தறிவு, சொத்து, பிறப்பு, வதிவு முதலிய அளவுகோல்களை அது கையாளலாம்; அவை எழுத்தறியாதோரையும் ஏழைகளையும் விலக்கினும், ஒரு சமூகத்தைச் சமூகம் என்ற முறையில் விலக்கியதாகாது; ஏனெனில் ஒரு சமூகத்தைப் பிணைப்பது இனமோ மதமோ ஆகுமேயன்றி வறுமையோ இடம்பெயரும் வழக்கமோ அன்று. இந்தியத் தமிழரின் இடம்பெயரும் வழக்கம், அவர்கள் பிரஜைகளாகத் தகுதியுடையவரா என்பதைத் தீர்மானிக்கப் பொருத்தமான செய்தியே. இவ்வாறு சென்றது அந்த நியாயம்.

இதன் கொடுமையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அவர்களை இடம்பெயர்த்தவன் யார்? கங்காணியை அனுப்பியவன் யார்? தேவையானபோது கப்பலேற்றி வரவழைத்து, கோப்பி அறுவடை முடிந்ததும் திருப்பி அனுப்பிய ஏற்பாடு யாருடையது? எழுத்தறிவைக் கொடாமல் பிள்ளைகளைக் கொழுந்து மலைக்கு அனுப்பியவன் யார்? சாம்ராஜ்யம் தானே இழைத்த குற்றத்தை, சாம்ராஜ்யத்தின் உச்ச நீதிமன்றம் பாதிக்கப்பட்டவனுடைய குணக்குறையாக எழுதி வைத்தது. கூடையைச் சுமக்கவைத்துக் கூனனாக்கியபின், கூனன் என்று தள்ளினாற்போலாயிற்று.

டேனிக்கும் இலண்டன் பிரபுக்களுக்கும் வேற்றுமை உண்டு. டேனி இனத்தின் பெயரை வாய்விட்டுச் சொன்னார். கொழும்பின் சட்டம் எந்தச் சமூகத்தின் பெயரையும் சொல்லவில்லை. எல்லாருக்கும் பொதுவான சட்டம் போலத் தோன்றியது. சிங்களக் கிராமத்தானிடமும் பாட்டனுடைய சான்றிதழ் இல்லைதான். ஆனால் அவனிடம் எவரும் கேட்கவில்லை. கேட்கப்படுபவன் யார், கேட்கப்படாதவன் யார் என்பதிலேதான் இச்சட்டத்தின் உயிர் இருந்தது. பெயர் சொல்லி அடிப்பவனைவிடப் பெயர் சொல்லாமல் அடிப்பவனிடம் நாம் கூடுதலான விழிப்போடு இருத்தல் வேண்டும்.

விளைவிலும் ஒப்புமை உண்டு. நீ பிரஜையல்லை, ஆதலால் நீதிமன்றத்துக்கு வரமுடியாது என்றார் டேனி. நீ பிரஜையல்லை, ஆதலால் வாக்களிக்க முடியாது. வாக்களிக்க முடியாது, ஆதலால் இச்சட்டத்தை மாற்றவும் முடியாது என்றது கொழும்பு. கதவைப் பூட்டிச் சாவியையும் உள்ளே வைத்துக்கொண்டார்கள். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்த ஏழு ஆசனங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

*

இவ்விடத்தில் எதிர்வாதம் செய்வோர் இரண்டு நியாயங்களைக் கொண்டுவருவர். இரண்டையும் நேருக்கு நேர் சந்திப்போம்.

சுதந்திர நாடு தன் பிரஜைகளைத் தானே தெரிவு செய்யும் உரிமை உடையது என்பது முதலாவது நியாயம். வாசலில் நிற்பவனை உள்ளே விடலாமா என்று வீட்டார் ஆலோசிக்கலாம். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த வீட்டுக்குக் கல் சுமந்து, சுவர் எழுப்பி, அதனுள்ளேயே பிள்ளை பெற்று வாழ்பவனை, ஒருநாட் காலையில் வாசலுக்கு வெளியே நிற்பவன் என்று அறிவிப்பது தெரிவு அன்று, வெளியேற்றம். குடிவரவுச் சட்டம் என்ற பெயரில் நடைபெறும் வாதங்களிலே இவ்விரண்டையும் வேண்டுமென்றே குழப்புகிறார்கள். வருபவனைப்பற்றிப் பேசுவதாகத் தொடங்கி, இருப்பவனை அகற்றுவதில் முடிக்கிறார்கள்.

சட்டம் நினைத்தால் அயலவனையும் காக்கும் என்பதற்கு நம் பக்கத்து மலையே சான்று. 1937இல் மடுல்கலைப் பகுதி ரெலுகாஸ் தோட்டத்தில் சின்னத்துரையாகப் பயின்று, அவுஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்த பிரேஸ்கேடில் என்னும் வெள்ளை இளைஞர், தொழிலாளரின் பக்கம் நின்று பேசினார். துரைமார் சினந்தனர், தேசாதிபதி அவரை நாடு கடத்த ஆணையிட்டார். லங்கா சமசமாஜக் கட்சி அவரை மறைத்து வைத்தது. உயர் நீதிமன்றம் ஆணை செல்லாது என்று அவரை விடுவித்தது. அத்தீர்ப்பை நாம் போற்றுகிறோம். ஆனால் வந்து ஓராண்டளவே ஆன ஒரு வெள்ளையரைக் காத்த சட்டம், தலைமுறைகளாக உழைத்த லட்சக்கணக்கானோரை ஏன் காக்கவில்லை? 1940இல் கண்டி மாவட்டத்து முல்லோயாவில் வேலைநிறுத்தக் காலத்தில் பொலிஸ் சுட்டு மாண்ட கோவிந்தன் சிந்திய இரத்தம் இந்நாட்டு மண்ணில்தானே ஊறியது? இரத்தத்தை ஏற்ற மண் பெயரை ஏற்க மறுத்ததேன்?

இரண்டாவது நியாயம், கண்டிச் சிங்கள விவசாயி நிலமிழந்தான் என்பது. இழந்தான், மெய்தான். அவனுடைய துயரை எள்ளி நகையாடுவோர் நம்மவர் ஆகார். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், ஆதாரப் பத்திரம் காட்டமுடியாத காட்டையும் தரிசையும் சேனை நிலத்தையும் முடியினுடையது என்றது. 1948இல் தோட்டத் தமிழனிடம் பிறப்புப் பத்திரம் கேட்ட அதே தந்திரம், 1840இல் சிங்கள விவசாயியிடம் காணிப் பத்திரம் கேட்டது! பத்திரமில்லாத ஏழையிடம் பத்திரம் கேட்பது ஆள்வோரின் பழைய வித்தை. அந்த நிலத்தை மலிவு விலைக்கு வாங்கியவர்கள் துரைமாரும், பின்னர் உள்ளூர்ப் பிரபுக்களும். கூலியாளுக்கோ ஓர் அடி மண்ணும் கிடைக்கவில்லை. நிலமிழந்தவனும் நிலமில்லாதவனும் ஒருவரையொருவர் பகைத்து நிற்க, நிலத்தை உடையவன் நிழலிலே இளைப்பாறுகிறான். இந்த உண்மையைச் சிங்களக் கிராமத்துக்கு எடுத்துச் செல்லாதவரை, நம் நியாயம் பாதி நியாயமாகவே இருக்கும்.

*

குற்றவாளிக் கூண்டிலே ஒரு கட்சியை மட்டும் நிறுத்தினால் வரலாறு நம்மைப் பார்த்துச் சிரிக்கும். 1949ஆம் ஆண்டின் இந்திய பாக்கிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்துக்கு ஆதரவாகக் கையுயர்த்தியோரில், அமைச்சர் பதவி ஏற்றிருந்த ஜீ. ஜீ. பொன்னம்பலமும் ஒருவர். யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணிக்கு லயத்துத் தமிழன் எந்தச் சாதியில், எந்த வர்க்கத்தில் தோன்றினான் என்பதை அந்தக் கை சொல்லிற்று. அதை எதிர்த்துப் பிரிந்தோர் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தனர் என்பதையும் நாம் மறக்கவில்லை.

1948இல் பாராளுமன்றத்தில் இச்சட்டத்தை எதிர்த்து வீரமுழக்கம் செய்தோர் இடதுசாரிகள். ஆனால் 1964 ஒக்தோபர் 30ஆந் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தபோது, சமசமாஜக் கட்சி அதே அரசாங்கத்தின் அமைச்சரவையில் அமர்ந்திருந்தது. 9 லட்சத்து 75 ஆயிரம் மனிதர். 5 லட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 லட்சம் இலங்கைக்கு, மீதி 1 லட்சத்து 50 ஆயிரம் பின்னர் பார்ப்போம் என்று பங்கு பிரித்தனர். அந்த மீதியையும் 1974இல் ஆளுக்கு 75 ஆயிரமாகச் சரிபாதி பிரித்தனர். மாட்டுச் சந்தையிலும் மாட்டைத் தட்டிப் பார்த்துத்தான் பிரிப்பார்கள். இங்கே அம்மக்களைக் கேட்பாரே இல்லை. கப்பலேறிச் சென்றவர்கள் நீலகிரியிலும் கூடலூரிலும் 'சிலோன்காரர்' ஆயினர்; இங்கே எஞ்சியோர் 'இந்தியர்' ஆயினர். இரு நாடுகளும் அவர்களுக்கு மறுநாட்டின் பெயரையே சூட்டின. அறுபதுகளின் இறுதியில் எழுந்த மக்கள் விடுதலை முன்னணியோ, தன் வகுப்புகளிலே 'இந்திய விஸ்தரிப்புவாதம்' என்ற தலைப்பின் கீழ் தோட்டத் தொழிலாளியையும் ஐயத்துக்கு உள்ளாக்கியது. வர்க்கத்தின் பெயரால் எழுந்த கட்சியும் வம்சத்தைப் பார்க்கத் தொடங்கினால், தொழிலாளி யாரிடம் போவான்?

*

இனி இன்றைய உலகைப் பார்ப்போம். அமெரிக்காவிலே ஓர் உள்நாட்டுப் போர் நடந்து, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட பின்னரே டேனியின் தீர்ப்பு அழிந்தது. 1868ஆம் ஆண்டின் பதினான்காம் திருத்தம், அம்மண்ணிலே பிறந்து அதன் ஆட்சிக்குட்பட்டவர் யாவரும் பிரஜைகள் என்றது. சீனர் வருகையைத் தடுத்த சட்டம் அமுலிலிருந்த காலத்திலேயே, சான் பிரான்சிஸ்கோவிலே சீனப் பெற்றோருக்குப் பிறந்த வொங் கிம் ஆர்க் பிரஜையே என்று 1898இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இத்தனைக்கும் பின்னர், 2025 ஜனவரி 20ஆந் திகதி பதவியேற்ற அன்றே ஜனாதிபதி டிரம்ப், சட்டவிரோதமாகவோ தற்காலிகமாகவோ வதியும் பெற்றோருக்குப் பிறக்கும் குழந்தைகளுக்கு அவ்வுரிமை இல்லை என ஆணையிட்டார். வழக்குகள் எழுந்தன, நீதிபதிகள் பலர் தடை விதித்தனர். எனினும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இரத்தத்தால் எழுதிய வாசகத்தையும் மீண்டும் அழிக்கத் துணிவோர் உளர் என்பது தெளிவாயிற்று.

டொமினிக்கன் குடியரசைப் பாருங்கள். கரும்பு வெட்ட ஹெயிட்டியிலிருந்து கறுப்பரை அழைத்து வந்தனர். நம் லயம் போன்ற குடியிருப்புகளில் அடைத்தனர். 2013 செப்டம்பரில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம், 1929 முதல் அங்கே பிறந்த அவர்களுடைய பிள்ளைகள் 'வழிப்போக்கரின்' பிள்ளைகளே, ஆதலால் பிரஜைகள் அல்லர் என்றது. எண்பது ஆண்டு கரும்பு வெட்டியவன் வழிப்போக்கனாம்! இலண்டனின் 'இடம்பெயரும் வழக்க'மும் இந்த 'வழிப்போக்க'மும் ஒரே அச்சில் வார்த்த சொற்கள் அல்லவா?

அயலகமாம் இந்தியாவிலே, 2019 ஓகஸ்ட் 31இல் வெளியான அசாம் பிரஜைகள் இடாப்பு 19 லட்சம் பேரை விட்டுவிட்டது. 1971 மார்ச் 24க்கு முற்பட்ட மூதாதையின் பத்திரத்தை அவர்களால் காட்ட முடியவில்லை. அதே ஆண்டின் பிரஜாவுரிமைத் திருத்தச் சட்டம், மூன்று அயல்நாடுகளிலிருந்து வந்தோரை மதம் பார்த்து ஏற்றது. முஸ்லிம்களை விலக்கியது, இலங்கையையோ பட்டியலிலேயே சேர்க்கவில்லை. தமிழ்நாட்டு முகாம்களிலே தசாப்தங்களாகக் காத்திருக்கும் அகதிகளுள் கணிசமானோர் மலையக வம்சத்தினர். பாட்டனை இந்தியாவிலிருந்து ஏற்றினார்கள். பேரன் இந்தியாவுக்குத் திரும்பினான். அவனும் அங்கே அந்நியனே!

*

இலங்கையிலே இது தீர்ந்த கதை என்று சிலர் நம்மைத் தேற்றுவர். 1986, 1988ஆம் ஆண்டுச் சட்டங்களும், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கின. உண்மை. அதைப் பெற்றுத் தந்த தொழிற்சங்கப் போராட்டங்களை நாம் மதிக்கிறோம். ஆயினும் உரிமை தருகிற சட்டமும் அவர்களுக்கு 'இந்திய வம்சாவளியினர்' என்றே பெயரிட்டது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின்படி, தோட்டத்துக்குள் பாதை போடவும் விளக்கேற்றவும் பிரதேச சபைக்குத் தடை இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. வாக்குக் கேட்க வந்த சபை உறுப்பினர், வென்றபின் தோட்டத்து வழியைச் செப்பனிடச் சட்டம் இடந்தரவில்லை! பிரஜைக்குக் கடிதம் வரும் முகவரி இல்லை; குடியிருக்கும் காம்பராவுக்கு உறுதி இல்லை; பிணத்தைப் புதைக்கும் மண்ணும் கம்பனியினுடையது. இதைத் தீர்ந்த கதை என்பவர் கதையின் முதற்பக்கத்தைக்கூடப் படிக்காதவர்.

மகாவலியை மறித்து விக்டோரியா அணை கட்டி 1985இல் திறந்தபோது, பழைய தெல்தெனிய நகரம் நீரில் மூழ்கியது. வீடிழந்தோருக்கு மாற்று நிலம் வழங்கப்பட்டது, அது நியாயமே. பிறந்த இடம் நீருக்குள் போய்விட்டது, ஆகவே நீங்கள் இந்நாட்டவர் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று அவர்களை எவரும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது. அந்தக் கேளாமைக்குப் பெயர்தான் பிரஜாவுரிமை. அந்த மரியாதையைத்தான் எல்லாருக்கும் கேட்கிறோம்.

ஆனால் 2018இல் நடந்ததென்ன? பெப்ரவரி இறுதியில் தெல்தெனியவில் ஒரு வீதித் தகராறு. அதிலே தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் மார்ச் தொடக்கத்தில் இறந்தார். அது ஒரு கொலைக் குற்றம். குற்றவாளிகளை நீதிமன்றம் விசாரித்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக மார்ச் 5ஆந் திகதி திகனவில் திரண்ட கும்பல், ஒரு சமூகம் முழுவதையும் விசாரித்துத் தண்டித்தது. முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. எரிந்த வீட்டினுள்ளே ஓர் இளைஞர் மாண்டார். மறுநாள், மார்ச் 6ஆந் திகதி, நாடு முழுவதும் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. முகநூலின் வழியே பரவிய வெறுப்புக்குத் தன் தளம் இடந்தந்ததற்காக அக்கம்பனி 2020இல் வருத்தம் தெரிவித்தது. எரிந்த கடைகளுக்கு அந்த வருத்தம் கூரையாகுமா?

இம்முஸ்லிம்கள் எந்தச் சட்டத்தின்படியும் இந்நாட்டின் பிரஜைகள். பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள். 1948ஆம் ஆண்டின் அளவுகோலிலும் அவர்கள் தேறுவர். எனினும் கும்பல் அவர்களை அந்நியராகவே கண்டது. 1915இல் கண்டியில் மூண்ட கலவரமும் கரையோரச் சோனகரை 'அந்நியர்' என்று சுட்டித் தொடங்கி, எல்லாச் சோனகரையும் சுட்டெரித்தது. ஆகவே நாம் சொல்வது இது: 1948ஆம் ஆண்டுச் சட்டம் திகனவில் தீ மூட்டவில்லை, ஆனால் அயலானை அந்நியனாக்கலாம், அது நாகரிகமான காரியந்தான், பாராளுமன்றமே அதைச் செய்யும் என்று இந்நாட்டுக்கு அது கற்றுக் கொடுத்தது. சட்டத்தரணி பேனாவால் செய்ததைக் கும்பல் தீப்பந்தத்தால் செய்தது. மேல்மாடியில் நீதியாக இருப்பது தெருவுக்கு இறங்கும்போது நெருப்பாகிவிடுகிறது.

அன்று மலையகத் தமிழன் விலக்கப்பட்டபோது, அது நம்மைத் தொடாது என்று யாழ்ப்பாணத்தார் எண்ணினர். எட்டே ஆண்டுகளில், 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் அவர்களைத் தொட்டது. தமிழர்மீது அடி விழுந்த காலத்தில் ஒதுங்கி நின்ற முஸ்லிம் தலைவர்களும் தம் முறை வரக் கண்டனர். ஒருவனை வெளியே தள்ளக் கற்ற கை, ஒருவனோடு நிற்பதில்லை.

*

ஆகவே வேண்டுவது யாது? தேசிய மக்கள் சக்தி 2023 ஒக்தோபரில் ஹட்டனில் ஒரு பிரகடனம் செய்து, மலையக மக்களின் நிலம், வீடு, சம உரிமை குறித்து வாக்களித்தது. 2024 நவம்பரில் 159 ஆசனங்களோடு பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டுக்கும் மேற்பட்ட பலத்தை அது பெற்றது. மலையகத்தின் வாக்கும் அதிலே சேர்ந்திருக்கிறது. விஸ்தரிப்புவாதம் என்று அன்று கற்பித்த கட்சியே இன்று அதன் முதுகெலும்பு. பழைய கணக்கைத் தீர்ப்பதற்கு இதைவிட நல்ல வேளை வாய்க்குமா? பிரகடனத்தைச் சட்டமாக்குக. லயத்தில் வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வீட்டுக்கும் மண்ணுக்கும் உறுதி வழங்குக. வம்சாவளிப் பிரஜை, பதிவுப் பிரஜை என்ற இரட்டை வகுப்பை அகற்றி, இம்மண்ணில் பிறந்தோர் எவரும் நாடற்றவர் ஆகார் என்று அரசியலமைப்பிலே எழுதுக. 1948ஆம் ஆண்டின் செயல் அநீதி என்று பாராளுமன்றம் வாய்திறந்து சொல்லட்டும்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு பணி உண்டு. வகுப்பறையிலே டெய்லரைப் படிப்பிக்கும்போது கோவிந்தனையும் படிப்பியுங்கள். சோல்பரி அரசியலமைப்பைப் படிப்பிக்கும்போது கோடகன்பிள்ளையின் வழக்கையும், அதன் பக்கத்திலே டிரெட் ஸ்கொட்டின் வழக்கையும் வையுங்கள். சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் முஸ்லிம் மாணவரும் 1840ஆம் ஆண்டின் காணிச் சட்டத்தையும் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தையும் ஒன்றாக இருந்து படிக்கட்டும். பத்திரம் கேட்டவன் யார், பத்திரமில்லாதவன் யார் என்று அவர்களே கண்டுகொள்வர்.

டிரெட் ஸ்கொட் 1857 மே மாதத்தில் தனிப்பட்ட ஒருவரின் தயவால் விடுதலை பெற்று, மறு ஆண்டே இறந்தார். பிரஜை என்று எவரும் தம்மை அழைக்க அவர் கேட்கவில்லை. அவரைத் தள்ளிய தீர்ப்பு பதினொரு ஆண்டுகளில் தூக்கியெறியப்பட்டது. கோடகன்பிள்ளையைத் தள்ளிய தீர்ப்போ எழுபது ஆண்டுகளைக் கடந்தும், எந்த நீதிமன்றத்தாலும் பிழையென்று சொல்லப்படாமல், சட்டப் புத்தகங்களிலே மேற்கோளாக வாழ்கிறது. அதைப் பிழையென்று சொல்லும் பணி மக்களாகிய நம்முடையது. உரத்துச் சொல்வோம், மூன்று மொழிகளிலும் சொல்வோம்.